இருபத்துநான்கு மணி நேரப் பந்தயம்
லெ மான் காணச் செல்வோர் அறியத்தக்கன

பிரான்சு நாட்டின் மேற்குப் பகுதியில், பாரிஸ் மாநகரிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தொலைவில், லெ மான் என்னும் நகர் உளது. உரோமர் எழுப்பிய மதிலும், பழம்பெரும் தேவாலயமும் உடைய அந்நகரின் பெயர் இன்று உலகெங்கும் ஒலிப்பது அவற்றாலன்று. ஆண்டுதோறும் அங்கு நடைபெறும் மோட்டார்ப் பந்தயத்தாலேயாம். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கும் ஓட்டம், இரவு முழுவதும் இடையறாது தொடர்ந்து, ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கே முடிவுறும். நம் நாட்டு நேரப்படி அது சனி மாலை ஏழரை மணி தொடக்கம் ஞாயிறு மாலை ஏழரை மணி வரையாகும். அண்மை ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு அதனைக் கண்டுள்ளனர்.

யூபிலி மலரிலே மோட்டார்ப் பந்தயத்துக்கு என்ன இடம் என்று வினவுவாரும் உளராகலாம். நம் பழைய மாணவர் பலர் இன்று பாரிசிலும், இலண்டனிலும், சூரிச்சிலும் குடிகொண்டுள்ளனர். அவர்க்கு லெ மான் எட்டாத் தூரமன்று. விடுமுறைக்கு அவர்பாற் செல்லும் உறவினரும் இதனைக் காணும் வாய்ப்புடையர். ஆயினும், இன்னதைக் காணப் போகின்றோம் என்ற தெளிவின்றிச் செல்பவர், இரண்டு மணி நேரத்துக்குள் சலிப்புற்றுத் திரும்புவர். அத்தெளிவைத் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் ஊர் மாட்டுவண்டிச் சவாரியை எண்ணிப் பாருங்கள். புழுதி எழுகின்றது, வண்டிகள் பாய்கின்றன, கூட்டம் ஆர்ப்பரிக்கின்றது, சில கணங்களுக்குள் வென்றவர் யாரெனத் தெரிந்துவிடுகின்றது. அங்கே வேகமே வெற்றி. லெ மான் பந்தயத்தின் இயல்பு வேறு. அங்கு மிக விரைவாக ஒரு சுற்றை ஓடியவர்க்கு அச்சுற்றின் புகழ் மட்டுமே உண்டு. இருபத்துநான்கு மணி நேரத்தில் மிகுந்த தூரத்தைக் கடந்து, முடிவுக் கோட்டுக்குத் தன் வண்டியை மீட்டுக் கொணர்பவரே வென்றவர். வேகம் அங்கு வேண்டற்பாலதே. எனினும் நிலைத்தலும் மீளுதலும் அதனினும் பெரியன.

பந்தயம் தோன்றிய வரலாறு

முதலாவது பந்தயம் 1923 ஆம் ஆண்டு மே மாதம் 26 ஆம், 27 ஆம் தேதிகளில் நடைபெற்றது. அப்பகுதி மோட்டார்க் கழகம் அதனை ஏற்படுத்தியதன் நோக்கம், தெருவில் ஓடும் சாதாரண வண்டிகளின் உறுதியைச் சோதிப்பதாகும். விளக்குகள் இரவெல்லாம் எரியுமா, பொறி சூடேறி நிற்குமா, சக்கரங்கள் தாங்குமா என்பனவே அன்றைய கேள்விகள். 33 வண்டிகள் புறப்பட்டு, 30 வண்டிகள் முடிவு வரை ஓடின. லகாஷ், லெயொனார் என்னும் இருவர் மாறி மாறி ஓட்டிய செனார் வால்க்கர் வண்டி 2,209 கிலோமீற்றர் ஓடி முதன்மை பெற்றது. 2010 ஆம் ஆண்டில் வென்ற அவுடி வண்டி ஓடிய தூரமோ 5,410 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட தூரத்தை ஒரு நாளுக்குள் பதின்மூன்று தடவைக்கு மேல் கடந்தமைக்கு அஃது ஒப்பாகும்.

தொடக்க காலத்து விதிகள் இன்று நமக்கு வியப்பளிப்பன. வண்டி வழியில் பழுதுற்றால் சாரதியே இறங்கி, வண்டியில் ஏற்றிவந்த ஆயுதங்களைக் கொண்டே அதனைத் திருத்தல் வேண்டும். 1927 இல் 'வெள்ளை வீடு' எனப்படும் வளைவிலே பல வண்டிகள் ஒன்றோடொன்று மோதிச் சிதைந்தன. அவற்றுட் சிக்கிய பென்ற்லி வண்டி ஒன்றின் முன் அச்சு வளைந்தது, முன்விளக்கு உடைந்தது. சாரதி டேவிஸ் அதனைப் பின்னே இழுத்து, கட்ட வேண்டியவற்றைக் கட்டி, மீண்டும் பாதையில் இறக்கினார். அவரும் அவர் துணைவர் பெஞ்சபீல்டும் அவ்வூனமுற்ற வண்டியையே ஓட்டி மறுநாள் வெற்றி பெற்றனர்.

இங்குச் சோதிக்கப்பட்ட பொருள்கள் பல பின்னர் எல்லோருடைய வண்டிக்கும் வந்து சேர்ந்துள்ளன. 1953 இல் ஜாகுவார் வண்டி, தட்டுத் தடை எனப்படும் டிஸ்க் பிறேக்கைக் கொண்டு இப்பந்தயத்தை வென்றது. நெடு நேரம் அழுத்தினும் சூட்டால் வலியிழக்காத அத்தடை இன்று நாம் ஏறிச் செல்லும் சிறு கார்களிலும் உண்டு. 2006 இல் டீசல் பொறியும், 2012 இல் மின்னோடு கூடிய கலப்புப் பொறியும் முதன்முறையாக இங்கு முதன்மை எய்தின. 2022 முதல், திராட்சை மது வடித்தபின் எஞ்சும் கழிவிலிருந்து ஆக்கப்பட்ட எரிபொருளையே வண்டிகள் பயன்படுத்தத் தொடங்கின.

யாழ்ப்பாணம் கண்ட நீடிப்பு

எரிபொருளைப் பற்றிப் பேசுங்கால் யாழ்ப்பாணத்தார்க்கு ஒரு நினைவு எழாதிராது. 1990 இற்குப் பின் பொருளாதாரத் தடை நிலவிய ஆண்டுகளில் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. புது வண்டிகள் கொட்டிலிற் கிடக்க, ஒஸ்ரினும் மொறிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலால், சில துளி பெற்றோலை ஊற்றிப் பொறியை இயக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். பழைய பொறிகளில் வாயுவை அழுக்கும் அளவு குறைவு. அதனால் அவை அந்தத் தாழ்ந்த எரிபொருளையும் ஏற்றன. அழுக்கம் மிகுந்த புதுப் பொறிகளோ முட்டி இடித்து நின்றன. உதிரிப் பாகம் கிடையாதபோது நம் கராஜ்காரர் அதனைக் கடைந்தும், உருக்கி ஒட்டியும், ஒன்றின் உறுப்பை மற்றொன்றுக்குப் பொருத்தியும் வண்டிகளை ஓடச் செய்தனர். நோயாளரை மருத்துவமனைக்கும், மணமக்களை மணப்பந்தருக்கும் கொண்டு சென்றவை அவ்வண்டிகளே. அங்கே பந்தயமில்லை, பரிசில்லை. எனினும், பொறி ஒன்றை அதன் எல்லைக்கு அப்பாலும் ஓட வைப்பது எத்துணை அருமை என்பதை நேரிற் கண்டவர் நாம். அக்கண்ணோடு லெ மான் செல்பவர், ஓடும் வண்டியை மட்டுமன்றி, அதனைத் திருத்துவோர் கைகளையும் உற்று நோக்குவர்.

கைமாற்றாத சாரதி

இப்பந்தயத்தின் உட்பொருளை உணர்த்த லெவே என்னும் பிரெஞ்சுச் சாரதியின் கதை ஒன்றே போதும். 1952 இல் அவர் தல்போ வண்டியை ஓட்டி முன்னணியில் நின்றார். மாற்றுச் சாரதி ஆயத்தமாக இருந்தும் அவர் இருக்கையை விட்டு எழவில்லை. இரவு கழிந்தது, பகல் ஏறியது, அவரோ தனியராகவே ஓட்டினார். ஏறத்தாழ இருபத்துமூன்று மணி நேரம் சென்றபின், வெற்றி கைக்கெட்டும் நிலையில், பொறி பழுதுற்று வண்டி நின்றது. வெற்றி மெர்சிடிஸ் வண்டியைச் சார்ந்தது.

அம்மெர்சிடிஸ் நிறுவனமே 1955 இல் அவரைத் தன் வண்டியில் அமர்த்தியது. அவ்வாண்டு ஜூன் 11 ஆம் தேதி மாலை, ஆறரை மணிக்குச் சற்று முன்னர், முன்னே சென்ற வண்டி ஒன்று எரிபொருள் நிலையத்துக்குத் திரும்பும் பொருட்டு வேகத்தைத் தணித்தது. அதன்பின் வந்த ஒஸ்ரின் ஹீலி விலகியது. அதன்மேல் லெவேயின் வண்டி ஏறி எழும்பிக் கரையில் மோதிச் சிதறியது. பொறியும் அச்சும் மக்கட் கூட்டத்தினூடே பாய்ந்தன. பார்வையாளர் எண்பதின்மருக்கு மேற்பட்டோரும் லெவேயும் உயிரிழந்தனர். மோட்டார்ப் பந்தய வரலாற்றில் அதனினும் பெருந்துயர் நிகழ்ந்ததில்லை. கூட்டம் ஒருங்கே வெளியேறினால் தெருக்கள் அடைபட்டு மருத்துவ வண்டிகள் செல்லவியலாது என்ற காரணம் கூறப்பட்டு, பந்தயம் நிறுத்தப்படாது தொடர்ந்தது. நள்ளிரவு கடந்தபின் மெர்சிடிஸ் நிறுவனம், முன்னணியில் இருந்தும், எஞ்சிய தன் வண்டிகளை மீட்டுக்கொண்டது.

அன்று எரிபொருள் நிலையத்துக்கும் ஓடுபாதைக்கும் இடையே சுவரில்லை. மக்களுக்கும் வண்டிகளுக்கும் இடையே ஒரு மண்கரையே இருந்தது. வண்டிகளின் வேகம் வளர்ந்த அளவுக்குப் பாதை வளரவில்லை. பின்னர் நிலையங்கள் இடித்துக் கட்டப்பட்டன, பாதை அகலமாக்கப்பட்டது. சுவிற்சர்லாந்து நாடு தன் எல்லைக்குள் வட்டப் பாதைப் பந்தயங்களையே தடை செய்தது. இன்று அங்கு செல்பவர் கம்பி வேலிகளையும் தடுப்புச் சுவர்களையும் கண்டு, பார்வையை மறைக்கின்றனவே என்று முணுமுணுத்தல் தகாது. ஒவ்வொரு வேலியும் ஓர் உயிரின் விலை கொடுத்துப் பெற்ற பாடமாகும்.

இன்றைய விதிப்படி ஒரு வண்டியை மூவர் பகிர்ந்து ஓட்டுவர். ஆறு மணி நேரத்துள் ஒருவர் நான்கு மணிக்கு மேல் ஓட்டலாகாது. மொத்தத்தில் பதினான்கு மணிக்கு மேலும் ஓட்டலாகாது. தனியொருவன் தன் உடலை வருத்திப் புகழ் தேடும் காலம் போய், உரிய வேளையில் இருக்கையைப் பிறர்க்கு விட்டுக் கொடுப்பவனே சிறந்த சாரதி என்னும் காலம் வந்துள்ளது.

விரையாது சென்று வென்ற ஒருவரையும் இங்குக் குறித்தல் தகும். 1925 தொட்டுச் சாரதிகள் பாதையின் ஒருபுறம் நின்று, கொடி அசைந்ததும் மறுபுறம் ஓடிச்சென்று வண்டியில் ஏறிப் புறப்படுதல் வழக்கம். அவசரத்தில் இருக்கைப் பட்டியை இறுக்காமலே பலர் புறப்பட்டனர். 1969 இல் பெல்ஜிய நாட்டு இளைஞர் ஜாக்கி இக்ஸ், ஏனையோர் ஓட, தாம் மட்டும் நடந்து சென்று, பட்டியை முறையாக இறுக்கிக் கடைசியாகப் புறப்பட்டார். அதே முதற் சுற்றில் வுல்ப் என்னும் ஆங்கிலேயர் விபத்துற்று மாண்டார். கடைசியாகப் புறப்பட்ட இக்ஸும் அவர் துணைவர் ஒலிவரும், மறுநாள், ஏறத்தாழ 120 மீற்றர் இடைவெளியில் வெற்றி பெற்றனர். மறு ஆண்டு தொட்டு அந்த ஓட்டப் புறப்பாடு கைவிடப்பட்டது.

நம் அயலிலிருந்து சென்றோர்

இலங்கையில் கட்டுக்குருந்தை விமானத் திடலிலும், நுவரெலியா மஹகஸ்தோட்டை மலைப் பாதையிலும், கடல் கடந்து சென்னையை அடுத்த சோழவரத்திலும் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றமையை மூத்த பழைய மாணவர் அறிவர். நம் பலாலியைப் போன்றே சோழவரமும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையே. அச்சென்னைப் பந்தய மரபில் வளர்ந்த கருண் சந்தோக், 2012 இல் லெ மானில் ஓட்டிய முதல் இந்தியர் ஆயினார். டேவிட் பிறபம், பீற்றர் டம்பிறெக் என்னும் இருவரோடு அவர் பகிர்ந்து ஓட்டிய வண்டி ஆறாம் இடத்தைப் பெற்றது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 2009 இல், கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் அவ்வாய்ப்பைப் பெற்றிருந்தார். ஆயின், பந்தயம் தொடங்குமுன் கீழே விழுந்து தோள்மூட்டு விலகியமையால் அவர் ஓட்ட இயலாது போயிற்று. அவருடைய துணைவர் இருவருமே வண்டியை முடிவு வரை ஓட்டினர்.

2025 ஜனவரியில் துபாயில் நடைபெற்ற மற்றோர் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தைக் காணத் தமிழர் பெருந்திரளாகச் சென்றமையும் நினைவுகூரத்தக்கது. திரைப்பட நடிகர் அஜித் குமார் தம் பெயரால் அமைந்த குழுவோடு அங்கு வந்திருந்தார். பயிற்சியின்போது அவர் வண்டி பெருவேகத்தில் மோதிச் சிதைந்தது; அவர் காயமின்றித் தப்பினார். அதன்பின் குழுவின் நலன் கருதித் தம் வண்டியை ஏனைய சாரதிகளிடம் ஒப்படைத்து, தாம் வேறொரு வண்டியில் ஓட்டினார். அவர் விட்டுக்கொடுத்த வண்டி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. லெவே 1952 இல் செய்யாததை அவர் செய்தார் என்க.

செல்லும் வழியும் காணும் முறையும்

பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து விரைவுப் புகையிரதம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் லெ மானை அடையும். அங்கிருந்து டிராம் வண்டி பந்தயத் திடலின் அண்மை வரை செல்லும். இலங்கையிலிருந்து செல்வோர் விசாவுக்குப் பல மாதங்களின் முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். நுழைவுச் சீட்டும் முற்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிடும். பொதுச் சீட்டுப் பெற்றவர் திடலில் நடமாடலாம். மேடை இருக்கைக்கும், கூடாரம் அடிக்கும் இடத்துக்கும் தனித்தனியே பணம் செலுத்தல் வேண்டும். ஜூன் மாதமாயினும் இரவில் குளிர் உறைக்கும், மழையும் வரும். கம்பளிச் சட்டையும், மழைச் சட்டையும், செவியடைப்பானும் இன்றியமையாதன. சிறுவரை அழைத்துச் செல்வோர் செவிக்காப்பை மறத்தலாகாது. சைவ உணவினர் பாரிஸ் லா சப்பலில் உள்ள நம்மவர் கடைகளில் வேண்டியன வாங்கிச் செல்க. பல நாள் கெடாத பருத்தித்துறை வடைக்கு இதனிற் சிறந்த வேளை வாயாது.

பாதையின் ஒரு சுற்று 13.626 கிலோமீற்றர். அதன் பெரும் பகுதி மற்றைய நாட்களில் மக்கள் பயணம் செய்யும் பொது வீதியே. முல்சான் நேர்ப்பாதை எனப்படுவது தூர் நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை. 1988 இல் வண்டி ஒன்று அங்கு மணிக்கு 405 கிலோமீற்றர் வேகத்தை எட்டியது. அத்தகைய வேகத்தைத் தணிக்கவே 1990 இல் இரு குறு வளைவுகள் அதில் அமைக்கப்பட்டன. பாதை இத்துணை நீண்டதாகையால், ஓரிடத்தில் மழை பெய்ய மற்றோரிடத்தில் வெயில் எறித்தலும் உண்டு. எனவே ஓரிடத்திலேயே நிற்றலாகாது. புறப்பாட்டை மேடைப் பக்கத்தில் காண்க. மாலையில் டன்லொப் பாலத்தின் அடியில் நிற்க. இரவில் ஆர்னாஜ் வளைவுக்குச் செல்க. அங்கே வண்டிகள் வேகம் தணியும்போது தடைத் தட்டுகள் செங்கனலாய் ஒளிர்தலைக் காணலாம்.

மூன்று பிரிவு வண்டிகள் ஒரே பாதையில் ஒருங்கே ஓடுவது புதியவரைக் குழப்பும். முதற் பிரிவு வண்டி ஒரு சுற்றை ஏறத்தாழ மூன்றரை நிமிடத்தில் முடிக்க, கடைப் பிரிவு வண்டிக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் செல்லும். ஆகவே, எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை முன்னது பின்னதைக் கடந்து செல்லல் வேண்டும். இருளிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான தடவை நிகழும் இக்கடப்பே பெரும் ஆபத்து. அதிலேதான் சாரதியின் பொறுமை விளங்கும். வண்டி ஏறத்தாழ முக்கால் மணிக்கு ஒருமுறை எரிபொருளுக்கு நிற்கும். அப்போது கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடப் பழகுக. எந்த வண்டி குறைவாக நிற்கின்றது என்று அறிந்தவர், வெல்லும் வண்டியை விடியுமுன்னரே உய்த்துணர்வர்.

சிவராத்திரி விழித்தோர்க்கு நாலாஞ் சாமத்தின் அருமை தெரியும். லெ மானிலும் அதிகாலையே உண்மையான சோதனை. ஜூன் மாதத்தில் அங்கு இரவு பத்து மணியளவிலேதான் ஞாயிறு மறையும். காலை ஆறு மணியளவில் எழும். இடைப்பட்ட இருளில் பல வண்டிகள் குறைந்துவிடும். விடியலில் பாதையோரம் நிற்பவர் காண்பது, முதல்நாள் மினுங்கிய வண்டிகள் எண்ணெயும் புழுதியும் படிந்து, உடைந்த உறுப்புகள் ஒட்டுத் தாளால் கட்டப்பட்டு, இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காட்சி. பந்தயத்தின் அழகு அதுவே. உறங்குவதாயின் முன்னிரவில் உறங்கி, விடியலைத் தவற விடாதிருப்பது நன்று.

முடிவு வரை இருத்தலும் வேண்டும். 2016 இல் ரொயோட்டா வண்டி ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் முந்தி நின்றது. எஞ்சியிருந்தது ஏறத்தாழ மூன்று நிமிடம். அந்நிலையில் பொறி வலியிழந்து, புறப்பாட்டுக் கோட்டின் அருகே வண்டி நின்றது. பின்னே வந்த போர்ஷே கடந்து சென்று வென்றது. மெல்ல ஊர்ந்து இறுதிச் சுற்றை முடித்தும், அதற்கு வரையறுத்த நேரம் கடந்தமையால், ரொயோட்டாவுக்கு எவ்விடமும் கிடைக்கவில்லை. இருபத்துமூன்று மணி ஐம்பத்தேழு நிமிடத்து உழைப்பு அவ்வாறு கழிந்தது. எனினும் அந்நிறுவனம் பின்வாங்கிற்றில்லை. மீண்டும் வந்து, 2018 முதல் 2022 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து வென்றது.

நெடுங்காலம் நிலைத்த நிறுவனமொன்றின் யூபிலியைக் கொண்டாடும் நமக்கு இதன் பொருள் விளங்காததன்று. ஓர் ஆசிரியர் கையிலிருந்து மற்றோர் ஆசிரியர் கைக்கும், ஓர் அணி மாணவரிடமிருந்து அடுத்த அணிக்கும் உரிய வேளையில் மாறி வந்தமையாலேயே நம் கல்லூரியும் இத்துணைத் தூரம் ஓடியுள்ளது. வாய்ப்புடைய அன்பர்கள் ஒருமுறையேனும் லெ மான் சென்று, புறப்பாட்டை மட்டும் பாராது, ஞாயிறு பிற்பகல் நான்கு மணி அடிக்கும் வரை இருந்து காண்பாராக.